விம்கோ நகரில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை...

"அடுத்த நிலையம் விம்கோ நகர்" என்று மெட்ரோவில் அறிவிப்பு வந்ததும், பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "விம்கோன்னா யாருன்னு தெரியுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "யாராவது தலைவர் பேரா இருக்கும்க்கா. கே.கே. நகர், எம்.ஜி.ஆர். நகர் மாதிரி."

தினமும் அதே ஸ்டேஷனில் இறங்குகிறவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த வேலைக்கு வரும்வரை எனக்கும் தெரியாது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் விம்கோ. சுவீடனின் தீப்பெட்டி நிறுவனம் ஒன்று 1923-ல் இந்தியாவில் தொடங்கிய கம்பெனி அது. அதன் ஆலைகளில் ஒன்று இங்கே இருந்தது. முதலில் புறநகர் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்தது, பிறகு ஊருக்கு, 2021 பிப்ரவரியில் மெட்ரோவுக்கும்.

நான் வந்தது தீப்பெட்டிக் கதை கேட்க அல்ல. பன்னாட்டு நிறுவனங்கள் சுற்றுச்சூழலைப் பற்றி என்ன சொல்கின்றன, என்ன செய்கின்றன என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளாக நிறுவன அறிக்கைகளை போனில் இறக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அட்டையில் ஒரு பச்சை இலை அல்லது காற்றாலை. உள்ளே ஒரு குழந்தை கையில் மரக்கன்று. நாலாவது அறிக்கையிலேயே எது எந்தக் கம்பெனி என்று குழம்பிவிட்டது. 'இதையே படித்துக்கொண்டிருந்தால் நானும் ஒரு அறிக்கைதான் எழுதுவேன்' என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

வடசென்னையில் இதைப் பார்க்க மெட்ரோவே நல்ல இடம். தண்டையார்பேட்டைப் பக்கம் ரயில் சுரங்கத்தை விட்டு மேலே ஏறிவிடுகிறது. வலது பக்கம் கட்டடங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கடல். இடது பக்கம் தூரத்தில் மணலியின் புகைபோக்கிகள். ஸ்டேஷன் பெயர்களைக் கவனியுங்கள். டோல்கேட்டை அடுத்து காலடிப்பேட்டை வரும். ஏதோ சாமியின் காலடி பட்ட இடம் என்று நினைத்திருந்தேன். அது காலட்பேட்டை. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்யும் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. பல நாடுகளில் கடை விரித்த கம்பெனி என்று பார்த்தால், அதுவும் ஒரு பன்னாட்டு நிறுவனம்தான். ஒரே மெட்ரோ பாதையில் இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர்கள். இரண்டுமே போய்விட்டன. பெயர்கள் மட்டும் ஊருக்குச் சொந்தமாகிவிட்டன.

தேரடியில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில், வடிவுடையம்மன் சந்நிதி. ஒருநாள் முழுக்க அங்கேயே இருக்கலாம். நான் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கு மட்டும் போனேன். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்து பெரும் பணம் சேர்த்தவர், காதற்ற ஊசி ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அடங்கிய இடம் என்கிறார்கள். பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சொல்லப்பட்டு, திருவொற்றியூரில் அது இனித்ததாம். உள்ளே அமைதியாக இருக்கிறது. வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் காலக் கப்பல் வணிகரின் வாசலில் இந்தக் காலக் கப்பல் சரக்கு!

மறுபடி விம்கோவுக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியிடம் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தீக்குச்சிக்கு லேசான, சீராக எரியும் மரம் வேண்டும். அதற்காக அந்தமான் காடுகள் வரை போனார்கள். காட்டு மரம் கிடைப்பது குறையக் குறைய, 1980-களில் உத்தரப்பிரதேசம், பஞ்சாப் பக்கம் விவசாயிகளிடம் பாப்ளர் மரக்கன்று கொடுத்து வரப்போரம் வளர்க்கச் சொன்னார்கள். வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, வளர்ந்த மரத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் ரயிலில் போனால் கோதுமை வயல்களுக்கு நடுவே வரிசையாக பாப்ளர் மரங்கள் தெரியும். இப்போது இதற்கு 'நீடித்த நிலைத்தன்மை' என்று பெயர். அப்போது அதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை. மரம் இல்லாவிட்டால் மெஷின் நின்றுவிடும் என்பதுதான் காரணம்.

இது முழுக்க நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கம்பெனியின் அக்கறை ஆலைக்கு உள்ளே வரும் பொருளின் மேல் இருந்தது. அன்றைக்கு முழுக்க வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சாலையோரத்தில் இன்னும் சில பெயர்கள். ராயல் என்ஃபீல்டு 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து இங்கே புல்லட் செய்ய வந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி படுத்துவிட, 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது. எம்.ஆர்.எஃப். கதை இதற்குத் தலைகீழ். 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கி, டயருக்கு வந்து, உலகம் முழுக்க விற்கிறது. எவரெடி பேட்டரி ஆலையும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான் இருந்தது. அதன் அன்றைய உரிமையாளர் பெயரைச் சொன்னால் சட்டென்று நினைவு வரும்: யூனியன் கார்பைடு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, அதே கம்பெனியின் டார்ச் செல்தான் நம் வீட்டு அலமாரியில் இருந்தது. 1994-ல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி இந்தியப் பங்குகளை விற்றுவிட்டுப் போனது. புதிய உரிமையாளர் பெயரை மாற்றிக்கொண்டார். போபால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இருந்தது மட்டும் எங்கேயும் போகவில்லை.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டது, பிறகு யூனிலீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை 2001-ல் மக்கள் கண்டுபிடித்துப் போராடிய பிறகு ஆலை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் சமரசம் ஏற்பட்டது 2016 மார்ச்சில். பதினைந்து வருடம்! இதே யூனிலீவர், உலக அளவில் நிலைத்தன்மை பற்றி அதிகம் பேசிய கம்பெனிகளில் முன்வரிசையில் நிற்பது.

புதிய ஆலைகள் இப்போது இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று மேற்கே போய்விட்டன. ராயல் என்ஃபீல்டும் 2013-ல் ஒரகடத்தில் பெரிய ஆலை திறந்தது. புல்வெளி, சோலார் பேனல், பசுமைச் சான்றிதழ் எல்லாம் அங்கே நன்றாகத் தெரியும். நிலக்கரியும் கச்சா எண்ணெயும் அமோனியாவும் வடக்கிலேயே இருந்துவிட்டன. ஒரே நகரத்தில் அறிக்கையின் அட்டைப்படத்துக்கு ஒரு திசை, உள்ளே உள்ள கணக்குக்கு இன்னொரு திசை.

உண்மையிலேயே மெச்ச வேண்டிய ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் நமக்குப் புதிதில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரத்தின் சாக்கடை நீரை வாங்கி, சுத்தம் செய்து, கொதிகலனுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் பயன்படுத்தத் தொடங்கின. இந்தியாவில் அப்போது பலரும் நினைத்துக்கூடப் பார்க்காத காரியம். 2019-ல், ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரி பின்னால் ஓடிய அந்த வருடத்தில், கொடுங்கையூரில் பெரிய அளவில் ஒரு மூன்றாம் நிலை சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. இதே அளவில் கோயம்பேட்டில் இன்னொன்று. அது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு. நம் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் பைக் தொழிற்சாலைக்குப் போகிறது, அவ்வளவு குடிநீர் நமக்கு மிச்சம். கேட்க ஒருமாதிரி இருந்தாலும் மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் இதுவும் உள்ளே வரும் பொருள்தான். தண்ணீர் இல்லாமல் ஆலை ஓடாது. வெளியே போவது என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் எண்ணூர் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"எங்கம்மா போணும்?"

"முகத்துவாரம் வரைக்கும்ணே. வழியில அங்கங்க இறங்கணும்."

"அங்க இன்னாமா இருக்கு பாக்கறதுக்கு? டிவில இருந்து வர்றியா?"

விரைவுச் சாலையில் கடல் பக்கம் முழுக்கக் கருங்கல் சுவர். மணல் இல்லை. கொஞ்சம் இருக்கும் இடத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியபோது ஆரம்பித்த கதை இது. நம் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி இந்தப் பக்கம் கடல் ஊரை அரித்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது காலடியில் இருக்கும் மணலில் ஒரு பங்கு இந்த ஊர்க்காரர்களுக்கு வர வேண்டியது. ஆட்டோ அண்ணன், "எங்க தாத்தா வூடு அங்க இருந்துச்சு" என்று கையைக் காட்டினார். அலைகள் உடைந்துகொண்டிருந்த இடத்தைக் காட்டினார்.

எர்ணாவூர் கடற்கரையில் இறங்கினேன். 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் வந்து ஒதுங்கிய இடம் இந்தப் பாறைகள்தான். கல்லூரி மாணவர்களும் மீனவர்களும் பக்கெட்டில் மொண்டு மொண்டு ஊற்றிய போட்டோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கப்பலிலிருந்து செயற்கைக்கோள் வரை எல்லாம் இருக்கும் காலத்தில் ஏன் பக்கெட் என்று கேட்டதும், ஆசிரியர் பதில் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போனதும் நினைவிருக்கிறது.

ஆறு வருடம், பத்து மாதம் கழித்து மறுபடி அதே பக்கெட்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். மணலியில் வெள்ளம். அந்த வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தங்கள் குழாய்களில் கசிவே இல்லை என்று நிறுவனம் முதலில் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. அதற்குள் அலையாத்தி மரங்களின் வேர்கள் கறுத்து, கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெயோடு நின்றன. மீனவர்கள் தங்கள் படகிலேயே போய், மக்கில் மொண்டு, டிரம்மில் ஊற்றினார்கள். அரசு அறிவித்த நிவாரணம்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், வாழ்வாதாரம் பாதித்த மற்ற 6,700 குடும்பங்களுக்கு 7,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய்.

தாழங்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அந்தப் பணம் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சும்மா. வரலன்னு சொல்லமாட்டேன். வலையும் போட்டும் சேர்ந்து எனக்குப் போனது அதுக்கு மேல. அத வுடு. ரெண்டு மாசத்துக்கு எண்ணூர் மீனுன்னாலே மார்க்கெட்ல வாங்கமாட்டேன்னுட்டாங்க. கடல்ல தூரமாப் போய்ப் புடிச்சாந்த மீனையும் வாங்கல. அதுக்கு எந்த ஆபீஸ்ல போய் எழுதிக் குடுக்குறது?"

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். சி.பி.சி.எல். இப்போது இந்தியன் ஆயிலின் குழுமத்தில் இருக்கிறது. பிறக்கும்போது அது மெட்ராஸ் ரிஃபைனரீஸ். 1965-ல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. அமோகோ 1985-ல் தன் பங்கை விற்றுவிட்டுப் போனது. ஈரான் பங்கு இன்றும் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது.

அந்த அமோகோ, மணலியில் பங்குதாரராக இருந்த காலத்தில்தான், 1978 மார்ச் 16 அன்று, அதன் குழுமத்துக்குச் சொந்தமான அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்ஸின் பிரித்தானி கடற்கரையில் பாறையில் மோதி உடைந்தது. கொட்டியது சுமார் 2,20,000 டன் கச்சா எண்ணெய். அந்த ஊர் மீனவர்களும் ராணுவத்தினரும் வாளியும் மண்வெட்டியும் வைத்துத்தான் அள்ளினார்கள். ஆக, பக்கெட் நம் ஊருக்கு மட்டுமே உரியது இல்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. கப்பல் லைபீரியக் கொடி கட்டியது. நடத்தியது ஒரு துணை நிறுவனம். 'எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல எல்லா வசதியும் தாய்க் கம்பெனிக்கு இருந்தது. பிரித்தானியின் சிற்றூர்களின் ஊராட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து, அமெரிக்காவுக்கே போய், சிகாகோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 1984-ல் தாய்க் கம்பெனியும் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. இழப்பீட்டுக் கணக்கு முழுதாக முடிய 1992 ஆனது. பதினான்கு வருடம் அந்த மேயர்கள் விடவில்லை.

மணலியில் 2023-ல் நடந்ததற்கு அமோகோ பொறுப்பில்லை. அது போய் 38 வருடமாகிவிட்டது. என் கேள்வி வேறு. ஒரு கம்பெனி வரும்போது ஒப்பந்தத்தில் ஆயிரம் பக்கம் இருக்கிறது. அது போகும்போது ஆற்றைப் பற்றி எத்தனை பக்கம்?

பெரியகுப்பம், சின்னக்குப்பம் தாண்டிப் போகும்போது ஆட்டோ அண்ணன் தானாகவே பேசினார். 2023 டிசம்பர் 26 இரவு. எண்ணெய் கசிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்குப் பகலில்தான் சுனாமியில் போனவர்களுக்குக் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்து படுத்திருந்தார்கள். நள்ளிரவு நெருங்கும்போது கண் எரிச்சல், மூச்சுமுட்டல். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை வாசலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்ற இடத்தில் 2,090 இருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு 49 இருந்தது.

"சுனாமி வருதுன்னு நெனச்சிதான்மா மொதல்ல ஓடினோம். ஓடினப்புறந்தான் தெரிஞ்சுது, இது வேற."

அடுத்த வருடம், 2024 அக்டோபர் 25-ல், திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் திடீரென்று வாடை அடித்து 30-க்கும் மேற்பட்ட மாணவிகள் மயங்கினார்கள். சில நாள் மூடித் திறந்ததும் மறுபடி மயக்கம். எங்கிருந்து வந்தது என்று யாராலும் கையைக் காட்ட முடியவில்லை. இத்தனை ஆலைகள் சூழ்ந்த ஊரில், வாடைக்குச் சொந்தக்காரர் கிடைப்பது சிரமம்.

இந்த இடத்தில் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே என் போனில் இருந்த அறிக்கைகளை மறுபடி திறந்தேன். இந்தியப் பங்குச் சந்தையில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டுதோறும் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது செபி விதி. நல்ல விதி. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு புகை, எவ்வளவு கழிவு, எவ்வளவு அபராதம் எல்லாம் நிரப்ப வேண்டும். முன்பெல்லாம் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் பல அறிக்கைகளில் பெரிய எழுத்தில் வரும் எண் வேறு. ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு தண்ணீர், ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புகை என்ற கணக்கு. மாவு அரைக்கும் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் 100 கிலோ மாவுக்கு, கிலோவுக்கு 2 குடம் என்று 200 குடம் தண்ணீர். இந்த வருடம் சிக்கனம், கிலோவுக்கு ஒன்றரைக் குடம். 25 சதவீதம் குறைத்துவிட்டார்! ஆனால் வியாபாரம் 200 கிலோ ஆகிவிட்டது. தெருவிலிருந்து போகும் தண்ணீர் 300 குடம். இன்னொரு வேடிக்கை, ரூபாய்க்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், மாவு விலை ஏறினாலே போதும், ஒரு சொட்டு மிச்சப்படுத்தாமலே எண் இறங்கும். அறிக்கையில் மொத்த அளவும் இருக்கும்தான். அது சின்ன எழுத்தில், அட்டவணைக்குள் இருக்கும். நீங்கள் எந்தக் கம்பெனி அறிக்கையைத் திறந்தாலும் நேராக அந்த அட்டவணைக்குப் போய்விடுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) கடற்கரையில் மரம் நடும் விழாவுக்குப் பத்திரிகைக்காரர்களை அழைத்திருந்தது. எல்லோருக்கும் பச்சை டி-ஷர்ட், தொப்பி. நட்டது இருபது கன்று இருக்கும். முடிந்ததும் கீழே கிடந்த தண்ணீர் பாட்டில்களை எண்ணினேன், நாற்பதுக்கு மேல். நானும் ஒன்று குடித்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது! அந்த டி-ஷர்ட்டை அண்ணன் இப்போது பைக் துடைக்க வைத்திருக்கிறான்.

மாலை நாலு மணிக்கு முகத்துவாரம் வந்து சேர்ந்தேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அக்கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இக்கரையில் படகுகள். அனல்மின் சாம்பல் இந்த ஆற்றில் எத்தனை வருடமாகப் படிந்துகொண்டிருக்கிறது என்பது தனிக் கதை. அது அரசு நிறுவனங்களின் கணக்கு. வெளிநாட்டுக் கம்பெனி, உள்ளூர்க் கம்பெனி, அரசுக் கம்பெனி என்று ஆற்றில் இருக்கும் இறாலுக்குப் பிரித்துத் தெரியாது. 2017-ல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' படமாக்கப்பட்டது இங்கேதான்.

இந்த ஆற்றில் வலையே இல்லாமல் இறால் பிடிப்பவர்கள் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி எடுத்து, வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொள்வார்கள். பெண்களும் செய்வார்கள். ஒரு மூலதனமும் தேவைப்படாத தொழில். கையும், சேற்றின் மேல் நம்பிக்கையும் போதும். அந்தச் சேற்றில்தான் இப்போது காக்கா ஆழி.

கறுப்பாக, விரல் நீளத்துக்குள் ஒரு சிப்பி. மீனவர்கள் வைத்த பெயர் அது. பிறந்த ஊர் தென் அமெரிக்கா. சரக்கு இல்லாமல் கிளம்பும் கப்பல் ஆடாமல் இருக்க, கடல் தண்ணீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடும். அந்தத் தண்ணீரோடு குஞ்சுச் சிப்பிகள் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆற்றின் அடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. இறால் சேற்றுக்குள் புக முடியவில்லை. தடவப் போனால் கை, கால் கிழிகிறது. தீர்ப்பாயம் வரை போய், அகற்றச் சொல்லி உத்தரவும் வாங்கியிருக்கிறார்கள் மீனவர்கள்.

கரையில் இருந்த ஒரு அக்கா, ஒரு கொத்தைப் பிய்த்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது.

"இதத் துன்னலாமாக்கா?"

"யாரு துன்றது? வாத்துகூடத் துன்னாது. இது எந்தக் கம்பெனிக்காரன் எறக்குனதுன்னு எழுதுவியா?"

எழுத முடியாது. கப்பல் எந்தக் கொடியில் வந்தது, எந்த வருடம் வந்தது, யார் சரக்கு என்று யாரிடமும் பதிவு இல்லை. நான் படித்த எந்த அறிக்கையிலும் காக்கா ஆழிக்குக் கட்டம் இல்லை. கப்பல் கம்பெனிக்கு அது தண்ணீர், துறைமுகத்துக்கு அது கப்பல் விஷயம், சரக்குக்காரருக்கு அது துறைமுக விஷயம். கப்பல்கள் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் கொட்ட வேண்டும் என்று 2004-ல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை போட்டன. அது நடைமுறைக்கு வரவே 2017 ஆனது. சிப்பிக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை.

"இன்னா எழுதுவ அப்போ?" என்றார் அக்கா மறுபடி.

"பாத்தத எழுதுறேன்க்கா."

"சரி. போட்டோ எடுக்கும்போது என்னோடத போடாத. சிப்பியோடதப் போடு."

போட்டுவிட்டேன்.

இங்கே வர நினைப்பவர்களுக்கு: விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கி, வெளியே எண்ணூர் ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். காலையில் வந்தால் படகு திரும்பும் நேரம், கரை கலகலப்பாக இருக்கும். முகத்துவாரத்தில் ஆழமும் இழுப்பும் அதிகம், குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். வெறுங்காலோடு சேற்றில் இறங்கவே வேண்டாம்.

திரும்பும்போது எர்ணாவூர் அருகே சாலையோரம் மீன் கூடை வைத்திருந்த ஆயாவிடம் அரை கிலோ இறால் வாங்கினேன். அம்மா கேட்டிருந்தார். நிறுத்துக் கட்டும்போது, "இது முகத்துவாரத்துல புடிச்சதா ஆயா?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. நெல்லூர் இறாலு. காலைல ஐஸ் வண்டில வந்துது" என்றவர், இன்னும் நாலு இறாலை எடுத்துப் பையில் போட்டார்.